ஏழால் வகுப்பதா, நாலால் வகுப்பதா: ஒரு சீசன் டிக்கெட் கணக்கு

"இந்த வருஷமும் கட்டப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். கையில் அவளுடைய ஃபோன், அதில் எங்கள் குடும்பச் செலவுக் கணக்கு. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தின் கால்பந்து சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் வேளை வந்தால் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடக்கிற விசாரணைதான் இது. முன்பெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த முறை மூன்று நாள் ஓடியது. கடைசியில் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு ஊரில், வேறு பல்கலைக்கழகத்துக்கு இதே பணத்தைக் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து, அதிலும் கல்லூரி மாணவர்கள் ஆடுவது. கல்லூரி ஆட்டம் என்றதும் நூறு பேர் கைதட்டுகிற மைதானத்தை நினைத்துவிடாதீர்கள். நாக்ஸ்வில்லில், டென்னசி ஆற்றங்கரையில் இருக்கும் நேலண்ட் மைதானத்தில் 1,01,915 பேர் உட்காரலாம். ஆட்ட நாளில் சிலர் படகிலேயே வந்து சேர்வார்கள். படகுகளை ஒன்றோடொன்று கட்டிப் போட்டுவிட்டு அங்கேயே சமையல், அங்கேயே சாப்பாடு. மற்றவர்கள் கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு விருந்து நடத்துவார்கள். அதற்கு டெயில்கேட் என்று பெயர். எங்கள் டெயில்கேட்டில் புளியோதரை உண்டு. முதல் வருஷம் அலுமினியத் தாளில் மடித்துக் கொண்டுபோனோம். அடுத்த வருஷத்திலிருந்து பக்கத்துக் காரில் இருப்பவர்கள் தட்டோடு வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் 2018-இல் இரண்டு இருக்கை வாங்கினேன். ஆர்வத்தால் வாங்கினேன் என்று சொன்னால் பொய். அதற்கு முந்தைய வருஷம் டென்னசி எட்டு ஆட்டம் தோற்றிருந்தது, அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் முறையாக. டிக்கெட் கேட்பாரற்றுக் கிடந்தது. அலுவலகத்தில் கூட வேலை செய்பவர் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். அப்புறம் 2021-இல் ஜாஷ் ஹைப்பல் பயிற்சியாளராக வந்தார். 2022 அக்டோபர் 15 அன்று அலபாமாவை 52-49 என்று கடைசி நொடியில் வென்றபோது கூட்டம் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டது. அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். இந்தக் கணக்கில் நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அணி ஜெயிக்க ஆரம்பித்ததும் விலையும் ஏறியது, அது சரிதான். ஆனால் 2024 செப்டம்பரில் வந்த அறிவிப்பு வேறு மாதிரி. 2025 சீசனுக்கு டிக்கெட் விலை சராசரியாக 4.5 சதவீதம் உயரும், அதற்கு மேல் 'டேலன்ட் ஃபீ' என்று 10 சதவீதம் சேரும் என்றார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்க ரசிகரிடம் தனி வரியாகவே வசூல். டென்னசியின் விளையாட்டுத் துறை இயக்குநர் டேனி வைட் அதை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அதற்காகப் பாராட்டுவதா, வயிறெரிவதா என்று அன்றைக்கே எனக்குப் புரியவில்லை.

காரணம் இருக்கிறது. கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் வழி திறந்தது. 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். இனி பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர், பிறகு வருஷா வருஷம் ஏறும். ஆடுகிற பையன்களுக்குப் பணம் போவதில் எனக்கு வருத்தமே இல்லை. இத்தனை வருஷம் போகாமல் இருந்ததுதான் அநியாயம். ஆனால் 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேண்டாம் என்று அனுப்ப 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. போகச் சொல்வதற்கே அவ்வளவு பணம் புழங்குகிற தொழிலில், பற்றாக்குறை என்றதும் முதலில் ரசிகரிடம் கை நீட்டுவதுதான் உறுத்துகிறது. இன்னொரு வேடிக்கை: டேலன்ட் ஃபீ கட்டிய கையோடு, 2025 ஏப்ரலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நட்சத்திர க்வார்ட்டர்பேக் நிக்கோ ஐமலியாவா பணத் தகராறில் அணியை விட்டுப் போய்விட்டார். டேலன்ட் கலிஃபோர்னியாவுக்குப் போனது, ஃபீ இங்கேயே இருந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு பகுதிக்கும் விலை வேறு, அதனால் எளிதாக இருக்க ஓர் இருக்கை 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 4.5 சதவீதம் ஏறினால் 522.50. அதன்மேல் 10 சதவீதம் சேர்த்தால் 574.75. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதால் மொத்த உயர்வு 14.95 சதவீதம். இதோடு முடிவதில்லை. நல்ல இடத்தில் உட்கார வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் நிதிக்கு 'நன்கொடை' கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அந்த இருக்கையை வாங்கும் உரிமை. அதை இருக்கைக்கு 300 டாலர் என்று வையுங்கள். முன்பு அந்த நன்கொடையில் 80 சதவீதத்தை வருமான வரியில் கழிக்க முடிந்தது. 2017-இல் வந்த வரிச் சட்டம் அதை 2018 முதல் அடியோடு நிறுத்திவிட்டது. ஆக, பெயர்தான் நன்கொடை. விலையின் இன்னொரு பகுதி என்று எழுதிக்கொள்வதே நேர்மை.

ஓர் இருக்கைக்கு 875 டாலர் என்று முழுமையாக்குவோம். இரண்டுக்கு 1,750. கார் நிறுத்தம், தண்ணீர், பாப்கார்ன் எல்லாம் தனி.

சீசனில் உள்ளூர் ஆட்டங்கள் ஏழு. ஏழால் வகுத்தால் ஓர் இருக்கைக்கு, ஓர் ஆட்டத்துக்கு 125 டாலர், பரவாயில்லை என்று தோன்றும். டிக்கெட் விற்பவர்கள் எப்போதும் ஏழால்தான் வகுத்துக் காட்டுவார்கள். 2025 சீசனின் ஏழையும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: ஈஸ்ட் டென்னசி ஸ்டேட், ஜார்ஜியா, யு.ஏ.பி., ஆர்கன்சா, ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ ஸ்டேட், வான்டர்பில்ட். முதலாவதில் டென்னசி 72-17 என்று ஜெயித்தது. யு.ஏ.பி.யை 56-24, நியூ மெக்சிகோ ஸ்டேட்டை 42-9. இந்த மூன்றில் ஒன்றுக்கு நான் பக்கத்து வீட்டுப் பையன்களிடம் டிக்கெட்டைச் சும்மா கொடுத்தேன். ஒன்றை விற்றதில் வந்த பணம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சரியாகப் போனது. மூன்றாவதுக்கு யாருமே போகவில்லை, இருக்கைதான் போயிருந்தது. ஆக, நான் உண்மையில் வாங்கியது நாலு ஆட்டம். நாலால் வகுத்தால் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 219 டாலர்.

எங்கள் வீட்டில் விவாதம் திசை மாறியது இந்த வரியில்தான். அந்த நாலு ஆட்டத்துக்கும் வெளியே தனித்தனியாக வாங்கினால் சராசரியாக 219 டாலருக்குக் கீழே கிடைக்குமா, மேலே போகுமா? உங்கள் ஊரில் என்ன விலையோ, அதைப் போட்டு இந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

தனித்தனியாக வாங்குவது என்றால் மறுவிற்பனைத் தளங்கள்தான். சீட்கீக், ஸ்டப்ஹப் போன்றவை. முன்பு 90 டாலர் என்று காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் 125 ஆக்குவார்கள். 2025 மே 12 முதல் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று மத்திய வணிக ஆணையத்தின் விதி வந்துவிட்டது. விலை குறையவில்லை, ஏமாறுவது குறைந்தது. இங்கே ஒரு நுணுக்கம். சின்ன அணியோடு ஆட்டம் என்றால் ஆட்ட நாள் நெருங்க நெருங்க விலை சரியும். மழை அறிகுறி இருந்தால் இன்னும் சரியும். டெயில்கேட்டில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே ஃபோனில் பார்த்து வாங்கலாம். ஜார்ஜியா, அலபாமா மாதிரி ஆட்டத்தில் இந்த உத்தி செல்லாது. அவை கடைசி நாளில் ஏறவும் செய்யும். அந்த மாதிரி ஆட்டங்களை வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ பார்த்தால் போதும் என்பவர்களுக்கு எந்தக் கணக்குப் போட்டாலும் தனி டிக்கெட்டே லாபம். இரண்டு பேருக்கு, ஒரு பெரிய ஆட்டம் 250, ஒரு நடுத்தர ஆட்டம் 120 என்று கொடுத்தால்கூட 740 டாலர்தான். 1,750-இல் பாதிகூட இல்லை.

அப்படியானால் சீசன் டிக்கெட்டை விட்டுவிட வேண்டியதுதானே? மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

விடுவதில் ஒரு சிக்கல். சீசன் டிக்கெட் என்பது ஏழு டிக்கெட்டுகளின் கட்டு மட்டும் இல்லை, அடுத்த வருஷம் இதே இருக்கையை வாங்கும் உரிமையும் அதில் அடக்கம். இன்றைக்கு விட்டால் நாளைக்குக் காத்திருப்போர் பட்டியலின் வாலில் போய் நிற்க வேண்டும். நான் 2018-இல் நடந்து போய் வாங்கிய இடம் இப்போது அப்படிக் கிடைக்காது. அப்புறம், சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கு முன்னுரிமை. 2024 முதல் பிளே-ஆஃபில் 12 அணிகள், முதல் சுற்று கல்லூரி மைதானங்களிலேயே நடக்கிறது. அந்த டிசம்பரில் டென்னசி ஒஹாயோ ஸ்டேட்டிடம் போய் 42-17 என்று உதை வாங்கியது வேறு கதை. ஒருநாள் அப்படியொரு ஆட்டம் நம் மைதானத்துக்கு வந்தால் முதலில் டிக்கெட் கிடைப்பது சீசன் டிக்கெட்காரர்களுக்குத்தான். இந்த உரிமைக்கு என்ன விலை போடுவது என்பது அவரவர் மனசு. நான் அதற்கு விலை போடுவேன். என் மனைவி பூஜ்யம் போடுவாள். இரண்டுமே சரி.

இன்னொன்றும் இருக்கிறது, அது தாளில் வராது. 2018 முதல் என் இடது பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்திடம் இருந்த இருக்கை. நேலண்டில் எங்கள் பகுதியில் நாற்காலி கிடையாது, நீளமான அலுமினிய பெஞ்சில் எண் எழுதியிருக்கும். அவர் ஓரமெல்லாம் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு பழைய ஆரஞ்சு மெத்தையை அந்த எண்ணின் மேல் போட்டு உட்காருவார். காதில் சின்ன ரேடியோ. கண்ணெதிரே நடப்பதையே ரேடியோ வர்ணனையில் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி. விதிகள் எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நான்காவது டவுனில், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் கடைசி வாய்ப்பில், ஏன் உதைக்கிறார்கள் என்று நான் ஏழெட்டு முறை கேட்டிருப்பேன், ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. 2024 கடைசி உள்ளூர் ஆட்டத்தில், ஓய்வூதியத்தில் இதற்கு மேல் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டு மெத்தையை மடித்துக் கொண்டுபோனார்.

2025-இல் அந்த இருக்கையில், நான் போன நாலு ஆட்டத்துக்கும் நாலு முகம். ஜார்ஜியா ஆட்டத்தன்று வந்தவர் தலை முதல் கால் வரை ஜார்ஜியாவின் சிவப்பு. டென்னசி வெற்றிக்காக உதைத்த கோல் தவறி, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 44-41 என்று தோற்றபோது அவர் என்னைக் கட்டிப்பிடிக்கக் கை நீட்டினார், பாவம், யார் என்று பார்க்காமல். தனி டிக்கெட் சிக்கனம் என்று மேலே சொன்னேன். அந்தச் சிக்கனத்தில் நானும் வேறொருவர் பக்கத்தில் ஒருநாள் முகமாகத்தான் போய் உட்காருவேன். அது பரவாயில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

பெரிய ஆட்டத்தை விற்று மீதியை ஈடுகட்டலாமே என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். வரவேண்டியதுதான். அலபாமா இரட்டைப்படை வருஷங்களில்தான் நாக்ஸ்வில்லுக்கு வரும், அந்த ஒரு ஆட்டமே கட்டணத்தில் கணிசமான பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் நான் சீசன் டிக்கெட் வாங்குவதே அந்த ஆட்டத்துக்காக. அதை விற்றுவிட்டு யு.ஏ.பி. ஆட்டத்துக்குப் போவது, வடையை விற்றுவிட்டுத் தட்டை நக்குகிற கதை. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: லாபத்துக்கு விற்றால் அந்த லாபம் வருமானம். விற்பனைத் தளங்கள் வரித்துறைக்கும் நமக்கும் அனுப்பும் 1099-கே படிவம் வருவதற்கான வரம்பு 2025-இல் மறுபடி 20,000 டாலரும் 200 பரிமாற்றமும் என்று ஆனது. படிவம் வராததால் வரியும் இல்லை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் டி.வி.யில் பார்ப்பது? செலவில் இதை எதுவும் அடிக்காது. டென்னசி ஆடும் எஸ்.இ.சி. லீக்கின் ஆட்டங்கள் 2024 முதல் ஏ.பி.சி., ஈ.எஸ்.பி.என். குடும்பத்துக்கே சொந்தம். ஈ.எஸ்.பி.என்.-இன் முழுச் சந்தா 2025-இல் மாதம் 29.99 டாலர், ஐந்து மாதத்துக்கு 150. யூடியூப் டி.வி. 82.99, அதே ஐந்து மாதத்துக்கு 415. ஆனால் 2025 அக்டோபர் கடைசியிலிருந்து இரண்டு வாரம், ஏ.பி.சி., ஈ.எஸ்.பி.என். சேனல்களை வைத்திருக்கும் டிஸ்னிக்கும் யூடியூப் டி.வி.க்கும் சண்டை வந்து அந்தச் சேனல்கள் அதில் இருண்டு கிடந்தன. நவம்பர் 1 ஓக்லஹோமா ஆட்டம் சரியாக அதற்குள் மாட்டிக்கொண்டது. கூரையில் ஒரு சாதாரண ஆன்டெனா வைத்திருந்தால் ஏ.பி.சி. ஆட்டங்கள் சும்மாவே வரும், இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. குறை ஒன்றே ஒன்று. டி.வி.யில் பார்த்தால் விளம்பர இடைவேளைகளில் எழுந்து துணி மடிக்கச் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் வாடை தெரிந்தால் போதும் என்றால், அரை மணி தூரத்தில் மேரிவில் கல்லூரி இருக்கிறது. மூன்றாம் டிவிஷன், விளையாட்டு உதவித்தொகையே கிடையாத நிலை. ஆடுபவர்களின் அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். என் பையனுக்கு ஆறு வயதில் அதுதான் பிடித்திருந்தது. இப்போது ஒத்துக்கொள்ள மாட்டான்.

மிச்சம் இருப்பது பங்கு போடுவது, நாங்கள் கடைசியில் போய் நின்ற இடம். இரண்டு குடும்பம் சேர்ந்து இரண்டு இருக்கையின் செலவை ஏற்றுக்கொண்டால் ஆளுக்கு 875 டாலர். உரிமையும் போகாது, காலி இருக்கையும் இருக்காது. இதில் தகராறு வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, கணக்கு யார் பெயரில்? பல பல்கலைக்கழகங்களில் கணக்கைக் கணவன் மனைவிக்குள் தவிர வேறு யாருக்கும் மாற்ற விடமாட்டார்கள். முன்னுரிமைப் புள்ளிகளும் பெயர் உள்ளவருக்குத்தான் சேரும். நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் பாதிப் பணம் கட்டியவருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. இதை முதல் நாளே பேசிவிட வேண்டும். இரண்டு, பெரிய ஆட்டம் யாருக்கு? 2026 முதல் எஸ்.இ.சி. அணிகள் லீக்குக்குள் எட்டுக்குப் பதிலாக ஒன்பது ஆட்டம் ஆடுகின்றன. வருஷத்தைப் பொறுத்து உள்ளூரில் நாலோ ஐந்தோ நல்ல ஆட்டம் இருக்கும் என்பதால் பங்கு போடுவது முன்பைவிட எளிது. நாலு இருந்தால் ஆளுக்கு இரண்டு, ஐந்து இருந்தால் சண்டை.

நாக்ஸ்வில்லுக்குப் புதிதாக வந்திருக்கும் யாராவது என்னைக் கேட்டால், பட்டியலில் பெயர் கொடுக்காதீர்கள், இரண்டு வருஷம் தனி டிக்கெட்டில் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இங்கேயே படிக்க வரும் பிள்ளைகளுக்கு மாணவர் டிக்கெட் இருக்கிறது, அதை விடவே கூடாது. ஏற்கெனவே வைத்திருந்து, நாலு ஆட்டத்துக்குக் கீழே போகிறவர்கள் பங்குக்கு ஆள் தேடுங்கள். ஆறேழுக்கும் போகிறவர்கள் திட்டிக்கொண்டே கட்டிவிடுங்கள், வேறு வழியில்லை.

எங்களோடு சேர்ந்தது ஓக் ரிட்ஜில் இருக்கும் மதுரைக் குடும்பம். "அண்ணே, அலபாமா மட்டும் குலுக்கல் சீட்டுல வேணாம்ணே, அதுக்கு நீங்க ஒண்ணு நான் ஒண்ணு" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். மற்ற ஆட்டங்களைத் துண்டுத் தாளில் எழுதி, மடித்து, சாம்பார் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அதில் போட்டுக் குலுக்கினோம். எடுக்கச் சொல்லி என் பையனிடம் நீட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கை விட்டான். பிரித்தால் செப்டம்பர் வெயிலில் ஒரு சின்னக் கல்லூரியோடு ஆட்டம். இரண்டாவதும் சின்னக் கல்லூரி. மூன்றாவதை எடுக்கக் கிண்ணத்தைத் தன்னிடம் தரச் சொல்லி மனைவி கை நீட்டினாள்.